தோளில் நோ, ஈரலில் நோய்: பிசியோதெரபி அறையில் தவறவிடக் கூடாத அறிகுறிகள்

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர் வலது தோள் நோகிறது என்று பிசியோதெரபிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடம் அரிசி மூட்டை தாங்கிய தோள். தசைநார் தேய்ந்திருக்கும், கிழிந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. பத்தில் ஒன்பது தடவை அந்த நினைப்பு சரியாகவும் போய்விடும்.

ஆனால் இவரிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் முழுசாகத் தூக்குகிறார். முதுகுக்குப் பின்னால் கட்டச் சொன்னால் கட்டுகிறார். நம் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னால் பலமாகத் தள்ளுகிறார். எந்த அசைவிலும் நோ கூடவில்லை, குறையவுமில்லை. இரண்டு கிழமையாகப் பின்னேரங்களில் காய்ச்சல் காய்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. தோளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவும் இல்லை. இவருக்கு ஈரலில் சீழ்க்கட்டி இருக்கலாம். தோளுக்குச் சூட்டு ஒத்தடமும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் (ஸ்கேன் அல்ல, ஒலி அலையால் செய்யும் வைத்தியம்) கொடுத்துப் பத்து நாள் கழிந்தால், அந்தப் பத்து நாளும் கட்டி வளர்ந்த நாட்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத் தனியார் நிலையங்களுக்கு டொக்டரின் கடிதம் இல்லாமல் நேரே போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு பிசியோதெரபிஸ்ட்தான் முதலில் பார்க்கும் மருத்துவத் துறையாளர். அரை மணி நேரம் ஒருவரோடு இருந்து, உடம்பைத் தொட்டு, சட்டையில்லாமல் பார்த்து, கிழமைக்கு இரண்டு தடவை திரும்பவும் பார்க்கிற வாய்ப்பு வைத்தியசாலையில் வேறு யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஈரல், பித்தப்பை நோய்களின் எந்த அடையாளங்கள் அந்த அரை மணி நேரத்தில் கண்ணில் படக்கூடும், அவை ஏன் அப்படித் தோன்றுகின்றன, கண்டால் என்ன செய்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். சிகிச்சைக்குப் போகிறவரின் வீட்டாருக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

ஈரலின் நோ தோளுக்கு ஏன் போகிறது

பெரியவர் ஒருவரின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வலது விலா எலும்புகளுக்கு உள்ளே, பிரிமென்றகட்டுக்கு (உதரவிதானத்துக்கு) நேர் கீழே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதன் அடியில் பித்தப்பை. 30 முதல் 50 மில்லிலீற்றர் பித்தநீர் கொள்ளும் சிறு பை. ஈரல் சதைக்கு நோ தெரியாது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்குத் தெரியும். ஈரல் வீங்கி உறை இழுபடும்போது, அல்லது கட்டி மேல்நோக்கி வளர்ந்து பிரிமென்றகட்டைத் தொடும்போதுதான் நோ ஆரம்பிக்கிறது. ஈரல் நோய் பல வருடம் சத்தமில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிமென்றகட்டின் நரம்பு வயிற்றுப் பகுதியில் பிறப்பதில்லை. கழுத்தின் 3, 4, 5 ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்பட்டு நெஞ்சு வழியாக இறங்கி வருகிறது. கருவில் பிரிமென்றகடு முதலில் கழுத்துப் பக்கத்தில் உருவாகிப் பிறகுதான் கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்து வந்துவிட்டது. தோள் உச்சியின் தோலுக்கும் உணர்வு அதே 3, 4 ஆம் கழுத்து நரம்புகளிலிருந்தே போகிறது. இரண்டு செய்தியும் முள்ளந்தண்டு வடத்தில் ஒரே வாசலால் நுழைகின்றன. தோளிலிருந்து செய்தி வருவது மூளைக்குப் பழக்கம், பிரிமென்றகட்டிலிருந்து வருவது அபூர்வம். ஆகவே மூளை அதைத் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது. இதைத்தான் தொலைவுணர் நோ என்கிறோம்: நோய் ஓரிடம், நோ வேறிடம்.

பித்தப்பையின் நரம்புகள் நடு முதுகுப் பகுதியில், நெஞ்சு முள்ளந்தண்டின் ஏறக்குறைய 5 முதல் 9 வரையான மட்டங்களில் வடத்துக்குள் நுழைகின்றன. அதனால் பித்தப்பை நோ வலது தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியிலோ, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவிலோ உட்கார்ந்துகொள்ளும்.

பிசியோதெரபிக்கு ஆளைக் கொண்டுவரக்கூடிய இடங்கள் மூன்று:

1. வலது தோள் உச்சி, கழுத்து தோளோடு சேரும் சரிவு. ஈரலோ பித்தப்பையோ பிரிமென்றகட்டை உரசும்போது வருவது.
2. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அல்லது முதுகின் நடுவில். பித்தப்பைக்குரிய வழமையான இடம்.
3. வலது விலாவின் கீழ் ஓரத்தில் ஒரு பாரம், ஒரு இறுக்கம். விலாத் தசைப் பிடிப்பு என்று பேர் வாங்கிக்கொள்வது.

வாய்வுப் பிடிப்பு, பித்தம், கெஸ்ட்ரைட்டிஸ்

நம் பேச்சில் இருக்கும் மூன்று சொற்கள் இந்த நோய்களை நன்றாக மறைத்துவிடுகின்றன. முதுகில் சுருக்கென்று குத்தினால் வாய்வுப் பிடிப்பு. தலைசுற்றி சத்தி வந்தால் பித்தம். சாப்பிட்ட பிறகு மேல் வயிறு நொந்தால் கெஸ்ட்ரைட்டிஸ். மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே இரவில் வந்தாலும் மூன்று தனித்தனிப் பேரைச் சொல்லி, தைலம் தடவி, இஞ்சித் தேத்தண்ணி குடித்துச் சமாளித்துவிடுவார். அடுத்த கிழமை பிசியோதெரபிஸ்டிடம் வரும்போது "முதுகில வாய்வு பிடிச்சிருக்கு" என்று மட்டும்தான் சொல்வார்.

கேட்பவர் சிங்களம் பேசுபவராக இருந்து, இடையில் மகளோ மருமகனோ மொழிபெயர்த்தால், வாய்வு என்பது வெறும் முதுகு வலியாகிப் போய்விடும். நோயின் பேரை நோயாளியின் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளாமல், நடந்ததைக் கேட்பது நல்லது. "அம்மா, எந்த நேரத்தில தொடங்குச்சு? அதுக்கு முன்னம் என்ன சாப்பிட்டீங்க? எவ்வளவு நேரம் இருந்துச்சு? அப்ப படுக்க முடிஞ்சுதா?" இந்த நாலு கேள்விக்கும் மொழிபெயர்ப்பில் சேதம் குறைவு.

பித்தக்கல் நோவுக்கு ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. பித்தநீர் கொழுப்பைச் செரிக்க உதவுவது. கொழுப்பான சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்குகிறது. கல் வாசலில் அடைத்தால் நோ. இரவு கொத்து ரொட்டியோ புரியாணியோ சாப்பிட்டுப் படுத்தவர் ஒரு மணிக்கு எழும்பி உட்காருவார். நோ ஏறி, ஒரே மட்டத்தில் நின்று, அரை மணியிலிருந்து சில மணி நேரம் இருந்துவிட்டு இறங்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் சுகமில்லை, அறைக்குள் நடப்பார். தசைப் பிடிப்புக்காரர் அசையாமல் ஒரு நிலையைக் கண்டுபிடித்து அதிலேயே கிடக்க விரும்புவார். இந்த வித்தியாசம் ஒன்றே பல தடவை போதும். ஆறு மணி நேரத்தைத் தாண்டி நோ நின்று, காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பையில் அழற்சி தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

நாற்பது தாண்டிய பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், உடல் பருத்தவர்கள், குறுகிய காலத்தில் எடையை வேகமாகக் குறைத்தவர்கள் ஆகியோருக்குக் கல் வரும் வாய்ப்பு கூட. தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே வரலாம்.

அசைவுக்குப் பதில் சொல்லும் நோ, சொல்லாத நோ

மூட்டும் தசையும் நொந்தால் அது அசைவுக்குப் பதில் சொல்லும். இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வருகிறது. பரிசோதனையில் ஒழுங்காகப் பார்க்க வேண்டியது:

1. நோயாளி சொன்ன அதே நோவை ஏதாவது ஒரு அசைவால் வரவழைக்க முடிகிறதா? வேறொரு இடத்தில் புதிதாக நோக வைப்பது கணக்கில்லை. அவருடைய அந்த நோ வர வேண்டும்.
2. ஏதாவது ஒரு நிலையில் நோ குறைகிறதா?
3. ஆழ மூச்செடுத்தால் தோள் உச்சியில் குத்துகிறதா? கையை அசைக்காமல் மூச்சால் மட்டும் தோள் நொந்தால் பிரிமென்றகட்டை நினைக்க வேண்டும். நுரையீரல் உறையின் நோயிலும் இப்படி வரும். அதுவும் அனுப்ப வேண்டிய விஷயமே.
4. இரண்டு மூன்று தடவை சரியான சிகிச்சை கொடுத்தும் கொஞ்சமும் மாறவில்லையா?

கொழும்பில் நீரிழிவுக்காரர் நிறையப் பேர். ஃபுரோசன் ஷோல்டரும் அவர்களிடம் சாதாரணம். அதில் கையை நாம் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினாலும் திரும்பாது, மூட்டே இறுகியிருக்கும். ஈரலிலிருந்து வரும் தோள் நோவில் மூட்டு சுதந்திரமாகத் திரும்பும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளியே திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, தொலைவுணர் நோ நாட்பட்டால் அந்த இடத்துத் தசையும் இறுகி, அமுக்கினால் நோகத் தொடங்கும். "அமுக்கினால் நோகிறது, ஆகவே தசைதான்" என்று முடிவெடுத்துவிடக் கூடாது. மசாஜ் செய்தபின் ஒரு நாள் சுகமாக இருந்தது என்பதும் சாட்சி ஆகாது. மற்றது இதற்கு நேரெதிர்: விலா எலும்பு முள்ளந்தண்டோடு சேரும் மூட்டு பிசகினால், பித்தப்பை நோ வரும் அதே இடத்தில் அச்சாக அதே நோ வரும். ஸ்கேனில் தற்செயலாக ஒரு கல்லும் தெரிந்தால் பழியெல்லாம் கல்லின் மேல் விழுந்துவிடும். பித்தக்கல் உள்ள பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. உடம்பைத் திருப்பினால் வந்து, நேராக இருந்தால் போகிற நோவுக்குப் பித்தப்பையை வெட்டி எடுத்தாலும் சுகம் கிடைக்காது. தோள் நோவோடு வருகிற எல்லாரையும் பயமுறுத்தி அனுப்புவதும் ஒரு தவறுதான்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் பயிற்சி உள்ளவர்கள் மர்பி சோதனையை மெதுவாகச் செய்யலாம். வலது விலாவின் கீழ் ஓரத்தில் விரல்களை வைத்து ஆழ மூச்செடுக்கச் சொல்ல வேண்டும். அழற்சியான பித்தப்பை மூச்சோடு இறங்கி விரலில் இடித்ததும் மூச்சு பாதியில் நின்றுவிடும். நின்றால் மறுபடி அமுக்கிப் பார்க்க வேண்டாம், அன்றே அனுப்ப வேண்டும்.

கண்ணை ஜன்னலருகே பாருங்கள்

செங்கண்மாரி என்பது ஒரு நோயின் பேர் என்பதைவிட ஓர் அடையாளத்தின் பேர். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதை எடுத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. ஈரல் கெட்டாலோ, பித்தக்குழாய் அடைத்தாலோ அது இரத்தத்தில் தேங்கும். இரத்தத்தில் வழமையாக ஒரு டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் வரை இருக்கும், 2.5, 3 என்று ஏறும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெரியத் தொடங்குகிறது.

நம் தோல் நிறத்தில் உடம்பின் மஞ்சளைப் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். அதையும் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாருக்கும் மஞ்சள், டியூப் லைட்டில் பார்த்தால் யாருக்கும் இல்லை. ஆளை ஜன்னலருகே கூட்டிப்போய், கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் உயர்த்தி, அங்கே வெளிப்படும் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இமை திறந்தபோது சாதாரணமாக வெளியே தெரிகிற பகுதி வெயிலாலும் தூசியாலும் பலருக்கு மங்கலாகப் பழுத்திருக்கும். அதை நம்ப முடியாது. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்க்கலாம். உள்ளங்கை மஞ்சளாக இருந்து கண் பால் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பப்பாசி, கரட் நிறையச் சாப்பிட்டதன் நிறம்.

கண்ணுக்கு முன்பே சலம் நிறம் மாறிவிடும். இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, "ஐயா, சலம் என்ன நிறத்தில போகுது, பிளேன்டி மாதிரியா?" என்று கேட்டால் எவருக்கும் விளங்கும். தண்ணீர் நிறையக் குடித்தும் பிளேன்டி நிறம் மாறாவிட்டால் கவனிக்க வேண்டும். மலம் வெளிறிக் களிமண் நிறத்தில் போவது பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்பதற்கு அடையாளம். தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பதும், இரவில் கூடுவதும் அதே அடைப்பினால் வரலாம். முதுகில் நகக்கீறல் கோடு கோடாக இருந்தால் மசாஜ் செய்கிறவரின் கண்ணில் படாமல் போகாது.

நோவே இல்லாமல் செங்கண்மாரி வந்து, எடையும் குறைந்துகொண்டு போனால் நோ இல்லையே என்று ஆறுதல்பட முடியாது. கணையத்திலோ பித்தக்குழாயிலோ வளரும் கட்டி அப்படித்தான் தொடங்கக்கூடும்.

கையை நீட்டச் சொன்னால் தெரிவது

ஈரல் நாட்பட்டுச் சுருங்கி இறுகிய நிலை சிரோசிஸ். அதன் அடையாளங்கள் பலவற்றை பிசியோதெரபிஸ்ட் தற்செயலாகவே பார்த்துவிடுவார்: வயிறு நீர் கோத்துப் பருத்திருக்க, தோளும் தொடையும் மெலிந்திருப்பது, கணுக்காலை அமுக்கினால் குழி விழுவது, தட்டாமலே உடம்பில் கன்றிப்போன அடையாளங்கள், ஆண்களுக்கு மார்பு பருப்பது, கைகால் விரல்களில் விறைப்பு. உள்ளங்கை சிவப்பும் நெஞ்சில் சிலந்தி வலைபோல் பரவும் சிறு இரத்தக் குழாய்களும் பாடநூல் படங்களில் வெள்ளைத் தோலில் பளிச்சென்று இருக்கும். கறுத்த தோலில் அவை இல்லையென்று சொல்லுமுன் நன்றாகத் தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் எல்லாரும் செய்யப் பழக வேண்டும் என்பேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கெட்ட ஈரல் வெளியேற்றாமல் விட்ட அமோனியா முதலிய நச்சுகள் மூளைக்குப் போயிருந்தால், கை சட்டென்று ஒரு கணம் விழும், உடனே தானாக எழும்பும், மறுபடி விழும். கோழி சிறகடிப்பதுபோல் இருக்கும். வயதானவரின் நடுக்கமும் பயத்தில் வரும் நடுக்கமும் தொடர்ந்து ஒரே சீராக அதிரும். இதில் தசையின் பிடி விட்டு விட்டுப் போகிறது. சிறுநீரகம் செயலிழந்தாலும், இரத்தத்தில் கரியமிலவாயு கூடினாலும் இதே அடையாளம் வரும். எதுவானாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாத நிலை.

இதற்கு முன்னமே வீட்டார் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பகலில் தூக்கம், இரவெல்லாம் முழிப்பு. நேற்றுச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை இன்று மறந்துவிட்டார், சொன்னதையே திருப்பிக் கேட்கிறார் என்றால் வயது போய்விட்டது என்று விட்டுவிடாமல் கையை நீட்டச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் கூடுதலாக நினைக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பாடநூல்களில் ஒரு வரியில் போய்விடுகிற சில நோய்கள் இங்கே அடிக்கடி வருபவை.

எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசையும் நாரியும் கடுமையாக நோகும். கெண்டையை லேசாகப் பிடித்தாலே துடிப்பார்கள். கூடவே காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த கண். கடுமையானால் செங்கண்மாரியும் சிறுநீரகப் பாதிப்பும். 2008 இல் இலங்கையில் 7,000 க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் என்று அறிவிக்கப்பட்டது. வயலில் இறங்கியவர், வெள்ளத்துக்குப் பிறகு வீடு கழுவியவர், கான் சுத்தம் செய்தவர் "காலில் தசைப் பிடிப்பு" என்று வந்தால் முதலில் உடம்புச் சூட்டைப் பாருங்கள். தொற்றியதிலிருந்து நோய் தெரிய அநேகமாக ஒன்று இரண்டு கிழமை ஆகும். ஆகவே கேள்வி நேற்றைப் பற்றியதாக இருந்தால் போதாது. போன மாதத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

டெங்கு ஈரலை வீங்க வைக்கும். 2017 இல் நாடு முழுவதும் 1,86,000 க்கும் மேற்பட்டோருக்கு வந்ததை கொழும்பார் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பு முறிகிற நோவும் முதுகு நோவும் அதன் ஆரம்பம். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் வலது மேல் வயிறு நொந்தால், சத்தி நிற்காவிட்டால் அது அபாய அடையாளம். டைக்லோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற நோக் குளிசைகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலோடு வந்தவரிடம் அவற்றைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

அமீபா ஈரல் கட்டிதான் முதலில் சொன்ன நாட்டாமையின் கதை. யாழ்ப்பாணப் பகுதியில் இது நெடுங்காலமாகக் காணப்படும் நோய். கள்ளு குடிக்கும் ஆண்களிடையே கூடுதல் என்று அங்கு செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்று திரும்பிய கொழும்பு ஆளுக்கும் வரலாம். காய்ச்சல், வலது விலாவில் நோ, வலது தோளில் நோ, மெலிவு. வயிற்றோட்டம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மருந்தால் நன்றாகக் குணமாகிற நோய் என்பதாலேயே தவறவிடுவது மனதை உறுத்துகிறது.

கடைசியாக ஃபேட்டி லிவர். ராகமையில் 35 முதல் 64 வயதுக்காரரிடம் செய்து 2009 இல் வெளிவந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தங்கள் முதுகு நோவுக்கும் தோள் நோவுக்கும் அதுவே காரணம் என்று நம்புகிறவர்கள் பலர். சாதாரணமான ஈரல் கொழுப்பு தோளை நோக வைக்காது. பிசியோதெரபிஸ்ட் இங்கே வேறு விதத்தில் தேவைப்படுகிறார். உடல் எடையில் 5 வீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 வீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். முழங்கால் நோவால் நடக்க முடியாதவரை நடக்க வைக்கிறவர் அவருடைய ஈரலுக்கும் வைத்தியம் செய்கிறார்.

குளிசைப் பையைத் திறந்து பார்ப்பது

பிசியோதெரபிக்கு வருகிறவர் அதற்கு முன்பு பாமசிக்குப் போய் வந்திருப்பார். பனடோல் ஒரு குளிசை 500 மில்லிகிராம் பரசிட்டமோல். பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது எட்டுக் குளிசை, எல்லை. தடிமல் குளிசையிலும் பல நோக் குளிசைகளிலும் அதே பரசிட்டமோல் வேறு பேரில் இருக்கிறது. ஈரல் நோய் உள்ளவருக்கும், தினம் குடிப்பவருக்கும், சாப்பிடாமல் மெலிந்தவருக்கும் எல்லை இன்னும் கீழே. டொக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். சிரோசிஸ் உள்ளவர் டைக்லோஃபெனாக் வகைக் குளிசைகளைத் தொடவே கூடாது: சிறுநீரகமும் கெடும், உட்கசிவும் வரும். மூட்டுவாதத்துக்கான மெதொட்ரெக்சேட், காசநோய் மருந்துகள் ஆகியவையும் ஈரலைப் பாதிக்கக்கூடியவை. கடையில் பேர் எழுதாமல் கட்டிக்கொடுத்த சூரணம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டாட்டின் போடுகிறவருக்கு இரண்டு தொடையும் ஒரே மாதிரி நொந்து, சலம் கோலா நிறத்தில் போனால் ஈரலைவிடத் தசை உடைவதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதுவும் அவசரமே.

இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு விஷயம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று ஈரல் சோதனை ரிப்போர்ட்டில் வரும் நொதிகள் தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் கடுமையாகப் பாரம் தூக்கிப் பயிற்சி செய்தால் ஒரு கிழமை வரை இரண்டும் ஏறி நிற்கலாம். ஈரல் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறவருக்கு முந்திய கிழமையில் புதிதாகக் கடும் பயிற்சி தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் டொக்டருக்குச் சொல்லி விடுங்கள்.

பித்தப்பையை எடுத்த பிறகும், கர்ப்ப காலத்திலும்

துளைவழி அறுவையில் பித்தப்பையை எடுத்தவருக்கு அடுத்த நாள் தோள் நோகலாம். வயிற்றுக்குள் செலுத்திய கரியமிலவாயு பிரிமென்றகட்டை உறுத்துவதுதான் காரணம். இரண்டு மூன்று நாளில் போய்விடும், எழுந்து நடந்தால் சீக்கிரம் குறையும். நாளுக்கு நாள் கூடினால், காய்ச்சலோ மஞ்சளோ சேர்ந்தால் பித்தநீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகள் இடுப்பு நோவுக்கு வருவார்கள். கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னால் அது பித்தநீர் தேக்கமாக இருக்கலாம், பிள்ளைக்கு ஆபத்து. தலைவலி, கண் மங்கல், வீக்கம் ஆகியவற்றோடு வலது மேல் வயிறோ தோளோ நொந்தால் இரத்த அழுத்தத்தை அந்த இடத்திலேயே பார்த்து, உடனே வைத்தியசாலைக்கு.

ஈரல் நோய் உள்ளவருக்குச் சிகிச்சை செய்யும்போது

நோய் ஏற்கெனவே தெரிந்தவர்களும் முழங்காலுக்கும் நாரிக்கும் வருவார்கள். அவர்களுக்குச் சில மாற்றங்கள் வேண்டும்.

1. இரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கும். அழுத்தமான மசாஜ், ஊசி குத்தும் சிகிச்சை, கப்பிங் எதுவும் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம்.
2. எலும்பு மெலிந்திருக்கலாம். முதுகை முறிப்பதுபோல் சட்டென்று தள்ளும் சிகிச்சை வேண்டாம்.
3. உணவுக்குழாயில் இரத்தக்குழாய்கள் புடைத்திருக்கலாம். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் அழுத்தம் ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள், மூச்சு அடைபடாது.
4. வயிற்றில் நீர் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைக்காமல், தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஈரல் நோயாளி படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தசை உருகுவதுதான் அவர்களை அதிகம் பலவீனப்படுத்துகிறது. நடையும் மிதமான பயிற்சியும் போதிய புரதமும் அவர்களுக்குத் தேவை.

எப்போது அனுப்புவது, என்ன எழுதுவது

நோய் என்ன என்று தீர்மானிப்பது டொக்டரின் வேலை. எவ்வளவு அவசரம் என்று தீர்மானிப்பது முதலில் பார்த்தவரின் வேலை.

1. அந்த நிமிடமே 1990 அம்பியூலன்ஸ்: செங்கண்மாரியோடு மனக்குழப்பம் அல்லது கை விழுதல்; செங்கண்மாரி, குளிர் நடுங்கும் காய்ச்சல், மேல் வயிற்று நோ மூன்றும் சேர்ந்து வருதல்; இரத்தச் சத்தி; தார்போல் கறுத்த மலம்; பலகைபோல் இறுகிய வயிறு. தோள் நோவோடு வியர்வையும் நெஞ்சு இறுக்கமும் இருந்தால் இருதயத்தை நினைத்து இதே வரிசையில்.
2. அன்றைக்கே வைத்தியசாலை: புதிதாகக் கண்ணில் மஞ்சள், பிளேன்டி நிறச் சலம், காய்ச்சலோடு தோள் அல்லது விலா நோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் மேல் வயிற்று நோ.
3. ஒரு கிழமைக்குள்: சாப்பாட்டோடு வந்து போகும் முதுகு நோ, தடிப்பில்லாத அரிப்பு, காரணமில்லாத மெலிவு, அசைவுக்குப் பதில் சொல்லாத தோள்.

மூன்றாவது வகையில்தான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள். "ஒருக்கா டொக்டரைக் காட்டுங்க" என்று வாயால் சொன்னால் போக மாட்டார்கள். போனாலும் பெரியாஸ்பத்திரி ஓபிடி வரிசையில் மூன்று மணி நேரம் நின்று கடைசியில் "தோள் நோ டொக்டர்" என்றுதான் சொல்வார்கள். தோளுக்குக் குளிசை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கையில் ஒரு கடிதம் வேண்டும். அதில் நோயின் பேர் எழுதத் தேவையில்லை. பார்த்ததை எழுதினால் போதும்:

"ஆண், வயது 46. மூன்று கிழமையாக வலது தோள் உச்சியில் நோ. தோள் அசைவு எல்லாத் திசையிலும் முழுமை; எந்த அசைவிலும் நோ கூடவில்லை. ஆழ மூச்செடுத்தால் கூடுகிறது. இரண்டு கிழமையாகப் பின்னேரக் காய்ச்சல், பசியின்மை. இன்று உடல் வெப்பம் 38.4. வலது விலாவின் கீழ் தொட்டால் நோகிறது. தோளில் காரணம் காணப்படவில்லை. ஈரலைப் பரிசோதிக்குமாறு வேண்டுகிறேன்."

கீழே தொலைபேசி இலக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, வந்தவரின் இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படியானவரை அன்றைக்கே அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் ஒரு அழைப்பு எடுத்து, ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள்.